ஒரு தளத்து நிரல் மறுதளத்தில் வாழுமாறு

ஒரு நாட்டு வழக்கிற் பழகிய ஒருவன் பிறிதொரு நாட்டிற் குடிபுகும்போது அவனுக்கு மூன்று வழிகள் உண்டு. அந்நாட்டு மொழியையும் வழக்கையும் அவன் கற்றுக்கொள்ளலாம். துபாஷி ஒருவனை உடன் வைத்துக்கொள்ளலாம். அன்றேல் நான்கு சுவர்களுக்குள் தன் ஊரையே சமைத்துக்கொண்டு, வாயிலுக்கு வெளியே எந்நாடு இருப்பினும் கவலையின்றிக் காலங்கழிக்கலாம். சென்னைப்பட்டினத்துக் கும்பினியார் பின்னிரண்டு வழிகளையே பெரிதும் கையாண்டனர் என்பதை வரலாறு பயிலும் மாணவர் அறிவர். கணிப்பொறியில் ஓடும் நிரல்களுக்கும் இஃதே நிலை. விண்டோஸ் என்னும் இயங்குதளத்திற்கென எழுதப்பெற்ற நிரல், லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் தானாக ஓடாது. ஓடச்செய்ய விழைவோர் பல வழிகளுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். எதனைத் தெரிவது என்பதைப் பற்றியே இக்கட்டுரையில் நம் கருத்தைக் கூறப் புகுகின்றோம்.

இது பொறியியற் கல்லூரியார்க்குரிய பொருளன்றோ, கலைக்கல்லூரி ஆண்டுமலரின் தமிழ்ப்பகுதியில் இதற்கென்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். வினா தக்கதே. ஆயினும் தமிழ் எழுத்தே இதில் அகப்பட்டுக்கொண்டிருக்கின்றது என்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10 என்னும் தளத்திற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் அளித்துவந்த பொதுப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. வேண்டுவோர் பதிந்துகொண்டு 2026 அக்டோபர் வரை ஓராண்டு நீட்டிப்புப் பெறலாம் என்றனர். அது தவணையேயன்றித் தீர்வன்று. விண்டோஸ் 11 தளத்திற்கு மாறலாமே எனின், அது டி.பி.எம். 2.0 என்னும் காப்புச்சில்லையும், குறித்த தலைமுறைக்குப் பிற்பட்ட செயலியையும் வேண்டிநிற்கின்றது. இன்டெல் செயலிகளுள் எட்டாந் தலைமுறைக்கு முற்பட்டவற்றை, மிகச் சில நீங்கலாக, அது ஏற்பதில்லை. ஆகவே 2017ஆம் ஆண்டுக்கு முன் வாங்கிய கணிப்பொறிகளுள் பெரும்பாலன, உடலில் ஒரு குறையுமின்றியே, வயது முதிர்ந்தனவென்று தள்ளப்பட்டன.

இதனை நகரத்தார் எளிதில் தாங்குவர். சுந்தரபாண்டியபுரம் போன்ற ஊர் எங்ஙனந் தாங்கும்? தென்காசிக்கு அணித்தேயுள்ள இப்பேரூரைப் பலரும் சூரியகாந்தி வயல்களுக்காகவும், 1992-இல் வெளிவந்த ரோஜா முதலிய திரைப்படங்களுக்காகவும் அறிவர். சாரற்காலத்தில் குற்றாலத்திற் குளித்துவிட்டு, மஞ்சட் பூக்களின் நடுவே நின்று படம் பிடித்துக்கொண்டு போவோர்க்கு ஊரின் கணிப்பொறிகள் தென்படா. அவை சிறு அச்சகத்தின் உள்ளறையிலும், நெல்வாணிகர்க்குக் கணக்கெழுதுவாரது மேசையிலும், அரசு தந்த மடிக்கணினிகளாய் மாணவர் இல்லங்களின் பரண்மேலும் இருக்கின்றன. புதியது ஒன்று வாங்குவதற்கு வேண்டும் பணம் ஓர் ஏக்கரில் ஒரு போகத்திற்கு இடும் உரத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படும் ஊர் அது. இத்தகைய பொறிகளில் லினக்ஸைப் பதித்தால் அவை இன்னும் சில்லாண்டுகள் நன்கு உழைக்கும். தளம் விலையின்றிக் கிடைக்கும்; திருத்தங்களும் தவறாது வரும். இடர் ஒன்றே: நெடுங்காலம் பழகிய நிரல்களை என் செய்வது?

அரசு தந்த மடிக்கணினிகளைப் பற்றி ஒரு சொல். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கிய திட்டத்தின் கீழ் வழங்கப்பெற்றவற்றில் விண்டோஸும், சிடாக் நிறுவனத்தார் டெபியனை அடியாகக் கொண்டு 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் ஆகிய இரண்டும் இருந்தன. பொறியை முடுக்கியவுடன், இரண்டனுள் எதனை எழுப்புவது என்று திரை வினவும். இரட்டைத்தளம் என்னும் இவ்வழியே மிகத் தொன்மையானது; மிக எளியது. ஒரே வீட்டில் இரு குடும்பங்கள், ஒன்று துயிலும்போது மற்றொன்று விழித்திருக்குமாறு குடியிருத்தல் போல்வது. நினைவகம் முழுதும் விழித்திருக்கும் தளத்திற்கே உரியதாதலின் வேகத்திற்குக் குறைவில்லை. ஆயினும் நாம் கண்ட அளவில், அம்மடிக்கணினிகளைப் பெற்ற மாணவருள் இரண்டாங் கதவைத் திறந்து பார்த்தவர் மிகச் சிலரே. தளம் மாற ஒவ்வொரு முறையும் பொறியை அணைத்தெழுப்ப வேண்டுமெனின், மனிதன் பழகிய தளத்திலேயே தங்கிவிடுவான். இது சோம்பலன்று, இயல்பு.

வேறு தொல்லைகளும் உள. விண்டோஸ் 8 முதலாக, அணைத்தாலும் முற்றும் அணையாது அரைத்துயில் கொள்ளும் வழக்கம் ஒன்று புகுந்தது. அவ்வமயம் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியில் எழுத முயலின் தடை நேர்கின்றது. கடிகாரத்தின் கதை இன்னும் வேடிக்கையானது. பொறியினுள்ளிருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகக் கொள்ளும். லினக்ஸோ உலகப்பொது நேரமாகக் கொள்வதே வழக்கம். ஒத்துப்போகுமாறு அமைக்காவிடின், தளம் மாறுந்தோறும் இந்திய நேரத்தில் ஐந்தரை மணி முன்னோ பின்னோ காட்டும். மாலை ஏழு மணிக்குக் கணக்கெழுத அமர்ந்தவர் நள்ளிரவு கடந்த மறுநாட்டேதியில் வரவு வைத்துவிடுவார். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் விடுத்த ஒரு பாதுகாப்புத் திருத்தம், இரட்டைத்தளப் பொறிகள் பலவற்றில் லினக்ஸை எழவொட்டாமற் செய்ததும் உண்டு. எல்லாவற்றினும் மேலாக, காப்பிழந்த விண்டோஸ் 10 அங்ஙனமே முழு உரிமையோடு விழித்தெழுமாயின், லினக்ஸைப் பக்கத்தில் வைத்ததனால் யாது பயன்?

இனித் துபாஷியின் வழி. வைன் என்பது அதன் பெயர். விடுதிக் காப்பாளர் திடுக்கிட வேண்டா. 'வைன் ஓர் எமுலேட்டர் அன்று' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துக்கள் அவை. பாப் ஆம்ஸ்டட், எரிக் யங்டேல் என்னும் இருவர் 1993-இல் இதனைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு முதல் அலெக்சாண்டர் ஜூலியர் என்பார் தலைமை பூண்டு இன்றுவரை நடத்திவருகின்றார். முதற் பதிப்பென்று துணிந்து எண்ணிட்டு வெளியிடப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. 2008ஆம் ஆண்டு ஜூனில் 1.0 வெளிவந்தது. துபாஷித் தொழில் எளிதன்று என்பதற்கு இஃதொன்றே சான்று.

அதன் தொழில் யாது? ஒரு நிரல் தன் செயலிற் பெரும்பகுதியைச் செயலிக்கு நேரே ஆணையிட்டு முடித்துக்கொள்ளும். கூட்டல், கழித்தல், ஒப்பிடல் எல்லாம் அவ்வகையின. விண்டோஸ் பொறியும் லினக்ஸ் பொறியும் ஒரே குலத்துச் செயலியைக் கொண்டனவாயின், அவ்வாணைகளை மொழிபெயர்க்க வேண்டுவதேயில்லை. ஆனால் ஒரு கோப்பைத் திற, ஒரு சாளரம் வரை, இவ்வெழுத்துருவில் இச்சொல்லை இடு என்பனபோன்ற வேண்டுகோள்களை நிரல் இயங்குதளத்தை நோக்கியே விடுக்கும். விண்டோஸ் தன்பால் வைத்திருக்கும் நூலகங்களின் பெயரையே சூடிய மாற்று நூலகங்களை வைன் தானே எழுதி வைத்திருக்கின்றது. நிரல் கேட்பதை அவை ஏற்று, லினக்ஸிற்கு விளங்கும் வேண்டுகோளாக மாற்றி, விடையைத் திரும்ப விண்டோஸ் நடையிலேயே தருகின்றன. நிரலோ தான் இன்னும் பழைய வீட்டிலேயே இருப்பதாக எண்ணிக்கொண்டு தொழில் செய்யும். வீட்டடைப்பு ஒன்றில் 'சி' என்னும் தட்டையும் அதன் உட்பகுதிகளையும் பொய்யாகப் படைத்து வைத்தலும் வைனின் வேலையே. விண்டோஸின் பிரதி ஒன்றும் தேவையில்லை. ஆகவே அதற்கு உரிமம் வாங்கும் தேவையுமில்லை. நான்கு ஜிபி நினைவகமுள்ள பழம்பொறியிலும் ஓடும். நம் ஊர்ப்புற நிலைக்கு இவ்வியல்பே தலைசிறந்தது.

குறை இல்லையா? உண்டு. மைக்ரோசாஃப்ட் வெளிப்படக் கூறாத உள்வழக்குகள் பலவற்றை நிரல்கள் நம்பியிருக்கின்றன. அவற்றைத் துபாஷி ஊகித்தே அறிதல் வேண்டும். ஒரு நிரல் செம்மையாக ஓடும். அதன் அடுத்த பதிப்பு படுத்துவிடும். எந்நிரல் எத்துணைச் செவ்விதாக ஓடுகின்றது என்பதைப் பயனாளரே சோதித்துப் பிளாட்டினம் முதற் குப்பை ஈறாகத் தரமிட்டுப் பதிந்த பட்டியல் ஒன்றை வைன் குழுவார் வைத்துள்ளனர். தரத்தின் பெயரையே குப்பையென்று வைத்த நேர்மையை நாம் மெச்சுகின்றோம். மற்றொரு குறையைப் பலர் அறியார். வைன் காவற்கூண்டன்று, அதனுள் ஓடும் நிரல் பயனாளரின் கோப்புக்களையெல்லாம் காணவல்லது. விண்டோஸிற்கென எழுதிய நச்சுநிரலும் சில வேளை அதில் நன்றாகவே ஓடும்! கருவிகளோடு நேரே பேசும் இயக்கிகளைப் பெரும்பாலும் வைன் ஏற்பதில்லையாதலின், மின்கையொப்பத்திற்கென யு.எஸ்.பி. துளையிற் செருகும் சாவிகளை அதன் வாயிலாகப் பயன்கொள்ளல் அரிது.

மூன்றாவது, வீட்டிற்குள் வீடு. மெய்ந்நிகர்ப் பொறி என்று இதனை வழங்குவர். லினக்ஸினுள் ஒரு நிரல் தன்னை முழுக் கணிப்பொறியாகவே காட்டி நிற்க, அதனுள் விண்டோஸ் முழுவதையும் பதித்துக்கொள்ளல். எண்ணம் புதியதன்று, ஐ.பி.எம். நிறுவனத்தார் 1972-இலேயே தம் பெரும்பொறிகளுக்கு இதனை வெளிப்படையாக அளித்தனர். மேசைப்பொறியில் 1999-இல் விஎம்வேர் நிறுவனத்தார் இதனைக் கொணர்ந்தனர். 2005-இலும் அதனையடுத்தும் இன்டெலும் ஏ.எம்.டி.யும் செயலியிலேயே இதற்கு வசதி செய்து கொடுத்தபின் வேகமும் பெருகியது. வர்ச்சுவல்பாக்ஸ், லினக்ஸின் கருவிலேயே 2007 முதல் அமைந்த கே.வி.எம். என்பன இன்று விலையின்றிக் கிடைப்பன.

ஈண்டு ஓடுவது உண்மையான விண்டோஸாதலின் மொழிபெயர்ப்புப் பிழைக்கு இடமில்லை. யு.எஸ்.பி. சாவியை உள்வீட்டிற்கு வழிவிட்டனுப்பலாம். உள்வீட்டை அந்நிலையிலேயே படம்பிடித்து வைத்து, கெட்டால் மீளலாம். இத்துணை நலமுடைய வழியை எல்லார்க்கும் பரிந்துரைத்தலன்றோ முறை என்று நம் கணிதத்துறை மாணவர் சிலர் நம்மோடு வாதிட்டனர். நாம் உடன்படோம். உள்வீட்டிற்கும் வெளிவீட்டிற்கும் ஒரே நினைவகத்தைப் பங்கிடல் வேண்டும். நான்கு ஜிபியில் இரண்டை விண்டோஸ் 10-க்குக் கொடுத்தால் இருவரும் பட்டினி கிடப்பர். எட்டு ஜிபியாவது இருந்தாலே இது வாழ்க்கை. உள்வீட்டு விண்டோஸிற்கும் உரிமம் வேண்டும். எதற்கு அஞ்சி வெளியேறினோமோ அந்தக் காப்பிழந்த விண்டோஸ் 10 இங்கும் காப்பிழந்ததே. அதன் வலைத்தொடர்பை அறுத்து வைத்தாலன்றி அச்சம் நீங்கவில்லை. தொடர்பை அறுத்தபின் உள்ளிருந்து வரி செலுத்துவது எங்ஙனம்?

ஒரு சான்று காட்டுவோம். இதன் மறுதலையான வேலையை, அதாவது லினக்ஸ் நிரல்களை விண்டோஸில் ஓட்டுதலை, மைக்ரோசாஃப்ட் தானே மேற்கொண்டது. 2016-இல் அவர்கள் துபாஷி வழியைத் தெரிந்து, லினக்ஸ் நிரலின் வேண்டுகோள்களை விண்டோஸிற்கு மொழிபெயர்த்தனர். மூன்றாண்டு கழியுமுன், ஒத்துப்போகாமை மலிந்தமையின், 2019-இல் இரண்டாம் பதிப்பிற்கு மெய்யான லினக்ஸ் கருவையே சிறு மெய்ந்நிகர்ப் பொறியினுள் வைத்தனர். பொருளும் ஆளும் நிறைந்த அவர்களே துபாஷியை விட்டனரெனின் நாம் எம்மாத்திரம் என்பாருளர். ஆனால் அவர்கள் சேவித்தது புதுப்பொறி வைத்திருக்கும் நிரலாசிரியரை. இலவசமாய் உள்ளே வைக்கத்தக்க லினக்ஸும் அவர்கட்கு வாய்த்தது. நமக்கு உள்ளே வைக்க வேண்டுவது விலையுடைய விண்டோஸ். வெளியே இருப்பது பத்தாண்டு கண்ட பொறி. மற்று, விளையாட்டு நிரல்களுக்கென வால்வ் நிறுவனத்தார் 2018-இல் வெளியிட்ட புரோட்டான் வைனையே அடியாகக் கொண்டது. அது பெற்ற வெற்றியை நம் விடுதி மாணவர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தேர்வுக்கு முன்னாள் இரவிலும் அவர்கள் அதனைச் சோதித்துக்கொண்டுதான் இருக்கின்றனர்.

இனி அச்சகத்திற்கு வருவோம். நம் பகுதிச் சிற்றூர் அச்சகங்களில் மணவோலையும், கோயிற் கொடைவிழா அறிக்கையும், இரங்கற் சுவரொட்டியும் இருபதாண்டுக்கு மேலாகப் பேஜ்மேக்கர் என்னும் நிரலிலேயே கோக்கப்பட்டுவருகின்றன. 1985-இல் ஆல்டஸ் நிறுவனத்தார் வெளியிட்ட இதனை 1994-இல் அடோபி தனதாக்கியது. 2001-இல் வந்த ஏழாம் பதிப்பே இறுதிப் பெரும்பதிப்பு. செத்த நிரல் என்று நூல்கள் கூறும். ஆனால் நம் ஊரில் அது சாகவில்லை. காரணம் எழுத்து. யூனிகோடு முறையில் தமிழெழுத்துக்களைச் செவ்வனே கோக்கும் ஆற்றல் பேஜ்மேக்கருக்கு இல்லை. ஆகவே ஆங்கில எழுத்துக்களின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருக்களைக் கொண்டே அதில் தமிழ் அச்சாகியது. ஒவ்வொரு விற்பனையாளரும் தம் மனம்போன ஒழுங்கில் அமர்த்தினர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையடுத்துத் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. 2010-இல் யூனிகோடே பொதுமுறையென ஆணையும் பிறந்தது. அச்சகங்களோ பழைய எழுத்துருவை விட்டில. ஆகவே ஒரு பழைய கோப்பை அந்நிரலும் அவ்வெழுத்துருவும் இல்லாத பொறியில் திறந்தால், தமிழ் மறைந்து, பொருளற்ற ஆங்கில எழுத்தும் குறிகளுமாய்க் காட்சியளிக்கும்.

சிற்றூர்களில் அச்சேறிய தல வரலாறுகள், ஊர்ப் புலவர் பாடிய பதிகங்கள், பள்ளி நூற்றாண்டு மலர்கள் பலவற்றின் மூலம் இவ்வகைக் கோப்புக்களிலேயே உறங்குகின்றது. அச்சுப்பிரதி செல்லரித்துப் போன பின்னர்க் கோப்பு ஒன்றே எஞ்சும். கோப்பைத் திறக்கும் நிரல் ஓடாவிடின் அதுவும் இல்லையெனவே கொள்க. ஏட்டுச்சுவடிகளை ஆற்றிலிட்டோமென்று முன்னோரைக் குறைகூறும் நாம், நம் தலைமுறைச் சுவடிகளை எங்கே இட்டுக்கொண்டிருக்கின்றோம்? இயங்குதளங்களின் பூசல் இளைஞரின் பொழுதுபோக்கு என்று எண்ணியிருப்போர் இதனைச் சிறிது கருதுவாராக.

விந்தை யாதெனின், இப்பழைய முறையே துபாஷிக்கு மிக எளிதாக அமைந்துவிட்டது. நிரலின் கண்ணுக்கு இவை ஆங்கில எழுத்துக்களே. கொம்பும் காலும் சேர்க்கும் நுட்பம் ஒன்றும் வேண்டா. எழுத்துருக் கோப்பை வைனின் எழுத்துரு அடைப்பில் இட்டால் பெரும்பாலும் போதும். பழைய 32 பிட் நிரல்கள் வைனில் ஓடும் வாய்ப்பு, நேற்று வந்த நிரல்களைவிட மிகுதி. அவற்றின் வழக்குகள் நெடுங்காலம் ஆராயப்பட்டவை. அதனினும் பழைய 16 பிட் நிரல்களை 64 பிட் விண்டோஸ் ஒருபோதும் ஏற்பதில்லை. வைனோ அவற்றையும் ஏற்க முயல்கின்றது, பல ஓடவும் ஓடுகின்றன. சொந்த வீடு மறுத்த முதியவர்க்கு அயல்வீடு இடங்கொடுத்தது போலாம்.

ஒரு முடிச்சு மட்டும் உண்டு. அந்நாள் தமிழ்த் தட்டச்சு நிரல்கள் விசைப்பலகையை இடைமறித்து, அடிக்கும் விசையைத் தமிழ் வடிவமாக மாற்றின. அந்த இடைமறிப்பு வைனின் சாளரங்களுக்குள் மட்டுமே செல்லும். அருகே திறந்திருக்கும் லினக்ஸ் நிரல்களில் செல்லாது. லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகை இயல்பாகவே உண்டாதலின் புதியன எழுதுவார்க்கு இதனால் இழப்பில்லை. பழையதைத் திருத்துவார் வைனுக்குள்ளேயே அமர்ந்து திருத்துக.

ஓர் அச்சகத்து அண்ணாச்சி இப்பேச்சையெல்லாம் பொறுமையோடு கேட்டிருந்து, "தம்பி, எனக்கு விண்டோஸும் வேண்டாம், லினக்ஸும் வேண்டாம்; என் கோப்பு திறக்கணும், எழுத்து வரணும்" என்றார். நம் ஆராய்ச்சி முழுவதையும் விட இவ்வொரு சொல் தெளிவுடையது. அவர்க்கு நாம் கூறியது வைன். ஆனால் வைன் மட்டுமன்று. லிப்ரே ஆபீஸ் என்னும் கட்டற்ற நிரல் 2015-இல் வந்த 4.4 பதிப்பு முதலே பேஜ்மேக்கர் கோப்பைத் தானே திறக்கவல்லது, துபாஷியே வேண்டா. பக்க அமைப்பு சிறிது குலையும், சொற்கள் தப்பும். அச்சொற்களை எடுத்து, எழுத்துரு மாற்றி நிரல்களுள் ஒன்றால் யூனிகோடாக்கிக்கொள்ளலாம். புதிய பணிகளுக்கு ஸ்கிரைபஸ் உண்டு. 2017-இல் வந்த அதன் 1.5.3 பதிப்பு தமிழ் முதலிய எழுத்துக்களை ஒழுங்காகக் கோக்கும் ஆற்றல் பெற்றது. பழையதைத் திறக்கத் துபாஷி, புதியதை எழுதத் தாய்மொழி என்றவாறு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூறத்தகும். ஐ.பி.எம். நிறுவனத்தார் 1992-இல் ஓ.எஸ்.2 என்னும் தளத்தின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டபோது, விண்டோஸ் நிரல்களை விண்டோஸினும் சிறப்பாக ஓட்டும் என்று பறைசாற்றினர். அது பெரும்பாலும் உண்மையுமாயிற்று. விளைவு? விண்டோஸிற்கு எழுதினால் இரண்டிலும் ஓடுமே, ஓ.எஸ்.2-க்கெனத் தனியே ஏன் எழுதவேண்டும் என்று நிரலாசிரியர் பலர் இருந்துவிட்டனர். விருந்தினரை மிக நன்றாக உபசரித்த வீட்டில் பிள்ளைகள் வளரவில்லை. அத்தளம் வீழ்ந்ததற்கு வேறு காரணங்களும் உண்டெனினும் இதுவும் ஒன்றென்று பலர் கருதுவர். நாமும் அங்ஙனமே கருதுகின்றோம். ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால், கேரளத்துப் பள்ளிகளில் 2001-இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தார் பின்னர் லினக்ஸை மேற்கொண்டபோது, விண்டோஸ் நிரல்களைச் சுமந்துவர முயலாது, அத்தளத்திற்கே உரிய நிரல்களைக் கொண்டு பாடம் வகுத்தனர். செங்கோட்டையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் அப்பள்ளிகளைக் காணலாம். அச்சகத்தின் தலையில் இருபதாண்டுச் சுமை. பள்ளிக்கோ அச்சுமை இல்லை. ஆதலின் நம் மாணவர் புதிதாய்க் கற்பனவற்றை வைனில் ஓட்டிக் கற்க முற்படுதல் நமக்கு உடன்பாடன்று.

கணக்கரது நிலை வேறு. 1986-இல் தோன்றிய பெங்களூர் நிறுவனத்தாரது டாலி என்னும் நிரல் விண்டோஸிற்கெனவே ஆக்கப்பெற்றது. பிறர் பணத்திற்குக் கணக்கு வைப்பவர், மொழிபெயர்ப்பாளனின் ஊகத்தை நம்பி எழுதுதல் தகாது. திருமண ஓலையில் ஓர் எழுத்துப் பிசகினால் மறுபடி அச்சிடலாம். வரிக்கணக்கிற் பிசகினால் அபராதம். மின்கையொப்பச் சாவியும் அவர்க்கு வேண்டும். அவரது பொறியில் எட்டு ஜிபி நினைவகம் இருப்பின் மெய்ந்நிகர்ப் பொறியில் உரிமமுள்ள விண்டோஸ் 11 தளத்தைப் பதித்து அதனுள் டாலியை வைத்துக்கொள்க. வர்ச்சுவல்பாக்ஸ் 2022-இல் வந்த ஏழாம் பதிப்பு முதல் காப்புச்சில்லையும் மெய்ந்நிகராகவே தருகின்றது. ஆயினும், பழஞ்செயலியின்மேல் இதனைச் செய்து அல்லற்படுவதினும், அவர் ஒருவரே புதுப்பொறி வாங்குதல் நன்று என்பதையும் ஒளியாமற் கூறுகின்றோம். அவர் தொழில் அச்செலவைத் தாங்கும். எல்லார்க்கும் லினக்ஸே மருந்து என்று சாதிக்கும் நண்பர்க்கு இது கசக்கலாம்.

மாணவரது பழைய மடிக்கணினிக்கு இரட்டைத்தளம் வேண்டா. லினக்ஸ் ஒன்றையே வைத்து, எழுத்துப்பணிக்கும் படிப்பிற்கும் அத்தளத்து நிரல்களையே கொள்க. தவிர்க்கவியலாத ஒரு சிறு நிரலுக்கு மட்டும் வைன். அதனையும் தனித்தனி அடைப்பில் வைப்பது நலம். ஒரு நிரலின்பொருட்டுச் செய்த மாற்றம் மற்றொன்றைக் கெடாது.

நம் கல்லூரி மலரின் பழைய இதழ்களுக்கும் இந்நிலையே என்பதை ஈண்டுத் தெரிவித்துக்கொள்ளுகின்றோம். குறுவட்டுக்களிற் கிடக்கும் பேஜ்மேக்கர் கோப்புக்களைப் படியெடுக்கும் வேலை தமிழ்த்துறை மேசைப்பொறி ஒன்றில், லினக்ஸில் வைனும் லிப்ரே ஆபீஸும் கொண்டு, தொடங்கப்பெற்றுள்ளது. சில இதழ்களுக்கு எழுத்துருவின் பெயர் மட்டும் கிடைத்திருக்கின்றது. எழுத்துருக் கோப்புக் கிடைத்திலது. அக்காலத்தில் மலர்க்குழுவில் இருந்த பழைய மாணவர் எவரேனும் தம் வீட்டுப் பழம்பொறியிலோ வட்டிலோ அவற்றை வைத்திருப்பின், பொறியை விற்குமுன்னும் வட்டை எறியுமுன்னும் தமிழ்த்துறைக்கு ஒரு வரி எழுதக் கோருகின்றோம். வட்டு கீறலுற்றிருந்தாலும் அனுப்புக. அவற்றையும் படித்துப் பார்க்கின்றோம்.